அக்காவின் மலைக்கு ஒரு கேமரா

எனக்கு எழுபத்து நாலு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். நாலு என் வயிற்றில் பிறந்தது, இரண்டு என் கொழுந்தன் பிள்ளைகள், தாயில்லாமல் நின்றதுகள். ஆறு பேருக்கும் ஒரே சட்டியில்தான் ஆக்கிப் போட்டேன். எது யார் பெற்ற பிள்ளை என்று இன்றைக்கும் வெளியாட்களுக்குத் தெரியாது. பெருமைக்குத்தான் சொல்கிறேன். பால்மரம், அதுதான் ரப்பர் மரம், வெட்டிப் பால் எடுத்தேன், பிள்ளை வளர்த்தேன், யார் வாசலிலும் போய் நின்றதில்லை. ஆனால் இத்தனை வயதில் ஒரு கேமராவைக் கையில் வாங்கிப் பார்த்ததில்லை. போன மாசம்தான் அது நடந்தது.

ஈப்போ பழைய டவுனில் ஒரு கேமராக் கடை. என்னைக் கூட்டிக்கொண்டு போனவள் என் பேத்தி யாழினி. ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். எனக்காக ஒரு நாள் லீவு போட்டாள், அதுவும் அரை மனசாக. வழி முழுக்க அவளுக்கு ஒரே பாட்டுத்தான்.

"போன்லயே எடுத்துக்கலாம் லா பாட்டி. இப்ப யாரு கேமரா வாங்குறா?"

போனில் எடுத்துப் பார்த்தாயிற்று. அதில் என்ன வந்தது என்று பிறகு சொல்கிறேன்.

கடைக்காரர் சீனர், அறுபதைத் தாண்டியவர். அவர் அப்பா ஒரு தோட்டத்தில் மளிகைக்கடை வைத்திருந்தாராம், அதனால் தமிழ் பேசினார். சும்மா இரண்டு வார்த்தை இல்லை. தோட்டத்துத் தமிழ், யாழினியைவிட நன்றாகவே பேசினார். சின்ன கேமரா வேண்டும், பையில் வைத்துக்கொண்டு நடக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்று சொன்னேன்.

"யாரைம்மா எடுக்கப் போறீங்க? பேரப்புள்ளைங்களையா?"

"மலையை."

"மலையோட யாரு நிக்கிறா?"

"யாரும் நிக்கல. மலை மட்டும்."

அவர் யாழினியைப் பார்த்தார். யாழினி மேலே சுற்றுகிற காத்தாடியைப் பார்த்தாள். அவர் சிரித்துவிட்டு, கண்ணாடி அலமாரியைத் திறந்து மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார்.

முதல் பெட்டியைத் திறந்ததும் ஒரு வாசம் வந்தது பாருங்கள். புது வார், புதுத் துணி, மேலே ஏதோ எண்ணெய் தடவின மாதிரி. மூக்கு ஒரு பொல்லாத சாமான். கண்ணும் காதும் மங்கிப் போனாலும் அது மட்டும் ஐம்பது வருஷத்துக்கு முந்தினதைத் தேடிப்பிடித்து இழுத்துக்கொண்டு வந்து போடும். அந்த வாசத்தில், எங்கள் தோட்டத்துக்குப் போட்டோ பிடிக்க வரும் படுதாக்காரர் ஞாபகத்துக்கு வந்தார்.

எங்கள் தோட்டம் தஞ்சோங் ரம்புத்தான் பக்கம். இந்தப் பேரைச் சொன்னாலே வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள், அங்கே பெரிய மனநோய் ஆஸ்பத்திரி இருப்பதால். என்னைப் பெண் பார்க்க வந்தபோதும் மாப்பிள்ளையின் மாமா கேட்டார், "பொண்ணு ஆஸ்பத்திரிக்கு உள்ளயா வெளியயா?" என்று. என் அப்பா அசரவில்லை. "இப்பதான் வெளிய விட்டாங்க, பாத்து நடந்துக்குங்க" என்றார். அந்த மாமா என் கல்யாணப் பந்தியிலும் என்னைவிட்டு நாலடி தள்ளியே உட்கார்ந்தார்.

தோட்டத்தில் போட்டோ எடுப்பது மூன்று காரியத்துக்குத்தான். அடையாள அட்டை, கல்யாணம், சாவு. அடையாள அட்டைக்குப் போகும்போது தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியின் வீட்டம்மா ஒரு சங்கிலி இரவல் தருவார். எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பெண்களின் பழைய அட்டைகளை வரிசையாக வைத்தால் அத்தனை கழுத்திலும் ஒரே சங்கிலி தொங்கும். கல்யாணத்துக்கும் சாவுக்கும் படுதாக்காரர் வருவார். மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டில் நீளமாக ஒரு சுருளைக் கட்டிக்கொண்டு வருவார். அதைப் பிரித்தால் ஒரு பெரிய ஏரி, அதில் இரண்டு அன்னப்பறவை, ஓரத்தில் வெள்ளைக்காரன் வீடு மாதிரி ஒரு வீடு, பின்னால் பனி போட்ட மலை. எண்ணெய்ச் சாயத்தில் வரைந்தது. நான் சொன்ன வாசம் அதனுடையதுதான். மடித்து மடித்து அன்னப்பறவை ஒன்றுக்குக் கழுத்தில் வெடிப்பு விழுந்திருக்கும்.

அவர் வந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "படுதா வேணுமா, சும்மாவா?" சும்மா என்றால் லயத்துச் சுவர் தெரியும். கரி படிந்த பலகை, தகரக் கூரை, கொடியில் காயும் வேலைத் துணி, ஒட்டுப்பால் கறை ஏறின வாளி. அதை யார் போட்டோவில் பிடித்து வைப்பார்கள்? வாழ்ந்தது போதாதா? எல்லாரும் படுதாதான். வாசலில் இரண்டு கம்பு நட்டுக் கட்டிவிட்டு அதன் முன்னால் நிற்போம். பிணத்தைக்கூட நாற்காலியில் சாய்த்து ஏரிக்கரையில்தான் உட்கார வைத்தோம். இன்றைக்கும் எங்கள் தோட்டத்துக்காரர்கள் யார் வீட்டுக்குப் போனாலும், சுவரில் அந்த ஏரி இருக்கும். லயம் மட்டும் எந்தச் சுவரிலும் இல்லை. தோட்டம் எப்படி இருந்தது என்று யாழினி கேட்டால் காட்டுவதற்கு என்னிடம் ஒரு துண்டுப் படம் இல்லை. அன்னப்பறவைதான் இருக்கிறது.

"பாட்டி, தவுக்கே கேக்குறாரு" என்று யாழினி என் கையைத் தொட்டாள்.

தவுக்கே என்றால் முதலாளி. அவர் மூன்றையும் விளக்கிக்கொண்டிருந்தார். முதலாவது உள்ளங்கை அளவு. படம் வெகு துல்லியமாக விழுமாம், உள்ளே இருக்கிற கண் பெரிதாம், ஆனால் தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் இழுக்காது. இரண்டாவது இழுக்கும், நிலாவைக்கூட இழுக்கும், மூக்கு யானைத் தும்பிக்கை மாதிரி நீண்டுகொண்டே வந்தது. ஆனால் இருட்டின நேரத்திலும், பெரிதாக பிரிண்ட் போடும்போதும் கொஞ்சம் மணல் மணலாக வரும் என்று அவரே ஒப்புக்கொண்டார். மூன்றாவது இரண்டுக்கும் நடுவில். அளவாக இழுக்கும், படமும் தெளிவு, மூலையில் கண்ணை வைத்துப் பார்க்கிற ஒரு சின்ன ஜன்னலும் இருந்தது.

மற்ற இரண்டிலும் பின்னால் கண்ணாடித் திரை மட்டும்தான். நான் மூன்றையும் வாங்கிக்கொண்டு கடைக்கு வெளியே அஞ்சடி நடைபாதையில் போய் நின்றேன். யாழினிக்கு வெட்கம். கடைக்காரர் மட்டும் பின்னாலேயே வந்தார். நல்ல வெயில். திரை இருந்த இரண்டிலும் என் முகம்தான் தெரிந்தது. மூன்றாவதின் ஜன்னலில் என் வலது கண்ணை வைத்தேன், நல்ல கண் அதுதான். கூரைகளுக்கு மேலே ஈப்போவின் சுண்ணாம்பு மலை ஒன்று எழுந்து நின்றது. மேலே இருந்த செடி ஆடுவதுகூடத் தெரிந்தது.

ஏன் மலை என்று இப்போது சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு அக்கா இருக்கிறாள். பேர் செல்லம்மா. எண்பது வயது. இந்தியாவில், நாமக்கல் பக்கம், மகள் சுமதியோடு இருக்கிறாள். அவளுக்குக் கண்ணில் நரம்பு வாடிக்கொண்டே வருகிறது. மருந்தும் இல்லை, ஆபரேஷனும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். நல்ல வெயிலில், பெரிதாகப் பிடித்துக் காட்டினால், கொஞ்சம் தெரிகிறதாம். இந்த வருஷம் தெரிகிறது, அடுத்த வருஷம் தெரியுமா என்று சொல்ல முடியாதாம். பொங்கல் சமயத்தில் போனில் பேசும்போது அக்கா கேட்டாள்.

"பாப்பா, நம்ம வாசல்ல நின்னா தெரியுமே, அந்த மலை. அதை ஒரு படம் புடிச்சு அனுப்புறியா? பாத்துக்கிறேன்."

அக்கா யாரிடமும் எதுவும் கேட்கிறவள் இல்லை. பெற்ற மகளிடம்கூடத் தண்ணீர் கேட்க மாட்டாள், தானே தடவிக்கொண்டு போவாள். என்னிடமும் வாழ்க்கையில் இரண்டே தடவைதான் கேட்டிருக்கிறாள். இரண்டு தடவையும் இதையேதான் கேட்டாள்.

எங்கள் வீட்டு வாசலில் நின்றால் அந்த மலை எல்லா நாளும் தெரிந்துவிடாது. நடுவில் பால்மரம் அடைத்துக்கொண்டு நிற்கும். வருஷத் தொடக்கத்தில் இலை சிவந்து உதிரும். தோட்டமே எலும்பும் குச்சியுமாக நிற்கும் அந்த இரண்டு மாசம், பால் குறைந்துபோகும், கையில் சம்பளம் இருக்காது, எல்லாரும் சிடுசிடு என்று இருப்பார்கள். அக்கா மட்டும் அந்த மாசத்துக்காகக் காத்திருப்பாள். இலை கொட்டினால் மலை வந்துவிடும். காலையில் எழுந்து கதவைத் திறந்து, "வந்துருச்சு" என்பாள், சொந்தக்காரர் வந்து நிற்கிற மாதிரி.

மலையின் அடிவாரத்தில், வலது பக்கமாக, தோட்டத்துச் சுடுகாடு இருந்தது. பெரியவர்களை எரிப்பார்கள். பிள்ளைகளைப் புதைப்பார்கள். அங்கே அக்காவின் முதல் பிள்ளை இருந்தாள். பூங்கோதை என்று பேர். ஒன்பது மாசம். காய்ச்சல் வந்து மூன்றாம் நாள் போய்விட்டாள். நான்தான் பிள்ளைக்காவல் கொட்டாயில் அவளைப் பார்த்துக்கொண்டவள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தி என்னை அந்தக் கொட்டாய் வேலையில்தான் போட்டிருந்தார்கள். அதனால்தான் என் எழுத்து இப்படி, மழையில் கலைந்த எறும்பு வரிசை மாதிரி இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். பூங்கோதைக்கு என் காதுத் தோட்டைப் பிடித்து இழுப்பது ஒரு விளையாட்டு. இடது காது இன்றைக்கும் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும்.

அவள் போன பிறகு அக்கா அழுது நாங்கள் பார்த்ததில்லை. வேலை பிரித்துக் கொடுக்கிற தண்டலிடம் போய், மலையோரம் இருக்கிற மர நிரையைப் பால் வெட்டத் தனக்குக் கொடுக்கச் சொன்னாளாம். அந்த நிரை மேடு, வாளியோடு இறங்குவது கஷ்டம், யாரும் கேட்டு வாங்க மாட்டார்கள். தண்டல் ஏன் என்று கேட்கவில்லை. கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பிள்ளையின் பேரை யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று யாரும் சொல்லவும் இல்லை. அப்படியே நின்றுபோய்விட்டது.

அடுத்த வருஷம்தான் சிவப்பு அட்டைப் பிரச்சினை வந்தது. நீல அட்டை இருந்தால் இந்த மலாய் நாட்டுக் குடிமகன். சிவப்பு என்றால் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும். பெர்மிட் கிடைக்காதவர்கள் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். எனக்கு அப்பா பிறப்புப் பத்திரம் எடுத்து வைத்திருந்தார், நீலம் கிடைத்தது. அக்கா பிறந்தபோது எடுக்கவில்லை. அவளுக்கும் அத்தானுக்கும் சிவப்பு. ஒரே வீட்டில் பிறந்த இரண்டு பேர், இரண்டு நிறம். இலை உதிர்கிற மாசத்தில் கப்பலுக்கு நாள் குறித்தார்கள்.

போவதற்கு முன்னால் எல்லாரும் சேர்ந்து ஒரு போட்டோ எடுக்கலாம் என்று அப்பா சொன்னார். படுதாக்காரர் வந்தார். வாசலில் நாங்கள் நின்றோம். பின்னால் மரமெல்லாம் மொட்டையாக நிற்க, மலை முழுசாகத் தெரிந்தது. காலை வெயில் அதன் முகத்தில் அடித்தது. வழக்கம்போல அவர் கேட்டார், படுதா வேணுமா, சும்மாவா என்று.

அக்கா மெதுவாகச் சொன்னாள். "படுதா வேணாமே. மலை தெரியட்டும்."

எனக்குப் பதினெட்டு வயது. வாய் நீளம். நான் விடவில்லை. "அங்க உள்ளவங்க பாத்து சிரிக்கட்டுமா? மாட்டுக்கொட்டாயில இருந்தோம்னு சொல்லட்டுமா? படுதா போடுங்கண்ணே" என்றேன். அப்பாவும் என் பக்கம்தான். அத்தான் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அக்கா அவர் கையைத் தொட்டு நிறுத்திவிட்டாள். கம்பு நட்டார்கள். ஏரி விரிந்தது. அக்கா ஒரு தடவை திரும்பிப் பின்னால் பார்த்தாள், துணிதான் தெரிந்தது. பிறகு நேராகப் பார்த்து நின்றாள்.

அவள் எதற்காக மலையைக் கேட்டாள் என்று எனக்கு அப்போது தெரியாதா? தெரியும். தெரிந்தும் அந்த நேரத்தில் ஊர் சிரிக்குமே என்பதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. அந்தப் படத்தில் நான்தான் அழகாக இருக்கிறேன். பின்னல் முன்னால் போட்டு, கிராணி வீட்டுச் சங்கிலியோடு. அதைப் பார்க்கும்போதெல்லாம் என் முகத்தின் மேல்தான் எனக்குக் கோபம் வரும்.

ஆக, கேமரா. பொங்கல் கழிந்ததும் யாழினி என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் போனில் ஒரு படம் எடுத்து அனுப்பினாள். தோட்டம் இருந்த இடத்தில் இப்போது பாதி வீடமைப்பு வீடுகள், பாதி எண்ணெய்க்குப் போடுகிற செம்பனை. வானம் பெரிதாக விழுந்திருந்தது, செம்பனை பெரிதாக விழுந்திருந்தது. நடுவில் சோளக்கொல்லையில் தவறி விழுந்த பல் மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி. அதுதான் மலை. அக்கா அதைக் கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு பாப்பா" என்றாளாம். அப்புறம் சுமதியிடம் தனியாக, "எங்கடி மலை, ஒரு கல்லுதானே தெரியுது" என்று கேட்டிருக்கிறாள். சுமதி என்னிடம் சொன்னாள். அன்றைக்கே முடிவு செய்தேன்.

இதைக் கடைக்காரரிடம் பாதிதான் சொன்னேன். அக்காவுக்குக் கண் தெரியாது, பெரிதாக பிரிண்ட் போட வேண்டும், மலை மலையாகவே தெரிய வேண்டும் என்று. அவர் தலையாட்டினார். "அகலமா எடுத்தா எல்லா மலையும் சின்னதாப் போயிரும்மா. போனு அப்படித்தான். இழுத்து எடுக்கணும். அப்பதான் நம்ம மனசுல இருக்கிற சைஸ் வரும்" என்றார். மூன்றாவதைத்தான் அவரும் காட்டினார்.

கையில் வாங்கினேன். மரத்தில் பால் பிடிக்கிற மங்கு நிறைந்தால் இருக்குமே, அந்தக் கனம்தான். பித்தானை எப்படி அழுத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். பாதி அழுத்தி நிறுத்தினால் கேமரா மலையைப் பிடித்துக்கொள்ளும், ஒரு பச்சைக் கட்டம் வரும். அதற்குப் பிறகு முழுசாக அழுத்த வேண்டும். பாதியில் நிறுத்துவதுதான் எல்லாருக்கும் கஷ்டமாம். யாழினி இரண்டு தடவை முயன்றாள், இரண்டு தடவையும் டக்கென்று அடித்துவிட்டாள். எனக்கு முதல் தடவையே நின்றது.

"எப்படிம்மா?" என்றார்.

பால்மரம் வெட்டுகிறவளுக்கு இது ஒரு வேலையா? பட்டையில் கத்தியைப் போட்டால் ஒரு தாள் கனம் விட்டு நிறுத்த வேண்டும். கொஞ்சம் ஆழம் போனால் மரத்துக்குக் காயம், தண்டலிடம் திட்டு. ஆழம் குறைந்தால் பால் இல்லை. இருபத்தெட்டு வருஷம் இருட்டில் நெற்றி விளக்கோடு அதைச் செய்த கை இது. அப்படித்தான் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே. கடையில் இருந்த இன்னொரு ஆள்கூடத் திரும்பிப் பார்த்தார். யாழினி என்னைப் பார்த்த பார்வை மாறிவிட்டது. அதற்குப் பிறகு போன் என்று ஒரு வார்த்தை பேசவில்லை அவள்.

மறு வாரம் விடியற்காலையில் புறப்பட்டோம். மலையில் காலை வெயில்தான் அடிக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் வாசல் எது என்று கண்டுபிடிப்பதுதான் பெரிய பாடு. லயம் இல்லை, காலையில் ஆள் கணக்கு எடுக்கிற பெரட்டு நடந்த கொட்டகை இல்லை, ஆலயத்துக்கு ஓடு மாற்றி கோபுரம் கட்டியிருந்தார்கள். ஆனால் இடம் மாற்றவில்லை. மாரியம்மன் வாசலிலிருந்து கிணற்றடி, கிணற்றடியிலிருந்து பதினாலாவது கதவு எங்கள் வீடு. கிணற்றை மூடிப் பூந்தொட்டி வைத்திருந்தார்கள். ஒரு கதவுக்கு ஏழு காலடி என்று கணக்குப் பண்ணி நடந்தேன். கணக்கு ஒருத்தர் வீட்டுக் கார் நிறுத்துகிற இடத்தில் போய் நின்றது. மலாய்க்கார அம்மா ஒருத்தர் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். இங்கேதான் பிறந்தேன் என்று மலாயில் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்காமல் காரை எடுத்து வெளியே விட்டுவிட்டு, ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

நான் உட்காரவில்லை. கேமரா ஜன்னலில் கண்ணை வைத்தேன். இழுத்தேன். மலை கிட்டே வந்தது, கிட்டே வந்தது, எங்கள் காலத்து அளவுக்கு வந்து நின்றது.

அப்போதுதான் பார்த்தேன். இடது பக்கம் அப்படியே இருந்தது, குகை வாய், தொங்குகிற செடி, எல்லாம். சுடுகாடு இருந்த வலது பக்கம் இல்லை. உச்சியிலிருந்து அடிவரை நேராகச் சீவி எடுத்திருந்தார்கள். பச்சை இல்லாத வெறும் வெள்ளை. கீழே மஞ்சள் இயந்திரங்கள் இரண்டு நின்றன, பொம்மை மாதிரி. போனில் எடுத்தபோது புள்ளியாக விழுந்ததால் இது தெரியவில்லை. ஈப்போவில் கல் உடைக்கிற மலைகளை நான் பார்க்காதவளா? தினம் பஸ்ஸில் போகும்போது பார்க்கிறதுதான். நம்முடைய மலையும் ஒரு மலைதானே என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

யாழினி வாங்கிப் பார்த்தாள். நான் சொல்லாமலேயே அவளுக்குப் புரிந்தது. பிள்ளை கதையை நான் முந்தின நாள்தான் அவளிடம் சொல்லியிருந்தேன்.

"பாட்டி, இன்னும் கொஞ்சம் இழுத்து இந்தப் பக்கம் மட்டும் எடுத்துருங்க. வெட்டின எடம் தெரியாது. பெரிய பாட்டி பாத்தா பழைய மலை மாதிரியே இருக்கும்."

இழுத்துப் பார்த்தேன். உண்மைதான். அந்த ஜன்னலுக்குள் ஒரு கறையும் இல்லாமல் அழகாக நின்றது மலை. பாதி அழுத்தினேன். பச்சைக் கட்டம் வந்தது. இன்னும் ஒரு தாள் கனம்தான். அக்கா மனசு நோகாது. கண் போகிற காலத்தில் அவள் இனி இங்கே வந்து பார்க்கப் போகிறாளா? ஒருத்தருக்கும் தெரியாது.

விரலை எடுத்துவிட்டேன். அவள் எதைப் பார்க்க வேண்டும் என்று நான் ஒரு தடவை முடிவு செய்தது போதும். திரும்பவும் அகலமாக்கி, இரண்டு பக்கமும் விழுகிற மாதிரி வைத்து முழுசாக அழுத்தினேன். ஒன்றுதான் எடுத்தேன். யாழினி இன்னொன்று எடுக்கச் சொன்னாள், நான் கேமராவைப் பையில் வைத்துவிட்டேன்.

யாழினி படத்தைச் சுமதிக்கு அனுப்பினாள். அங்கே கல்யாண வீட்டுக்குக் கட்டுவார்களே, ஃப்ளெக்ஸ், அதில் பாய் அளவுக்கு அடித்துச் சுவரில் வெயில் படும்படி மாட்டினாளாம். அக்காவைக் கைபிடித்து அதன் முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டு எனக்குப் போன் போட்டாள். முகம் தெரிகிற போன் இல்லை, சாதாரணமாகப் பேசுகிறது. எனக்கு அதுவே நல்லது என்று இருந்தது.

கோழி சத்தம் மட்டும் வந்தது. பிறகு அக்கா குரல்.

"வந்துருச்சு பாப்பா."

போனைக் காதோடு இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டேன்.

"குகை தெரியுது. இந்தப் பக்கம் மட்டும் வெள்ளையா இருக்கே. வெயிலா?"

"வெயில் இல்லக்கா. கல்லு வெட்டி எடுத்துட்டாங்க."

"அடி வரைக்குமா?"

"ஆமாக்கா. அடி வரைக்கும்."

யாழினி என் பக்கத்தில் உட்கார்ந்து என் முழங்காலில் கை வைத்திருந்தாள். அனுப்பியிருக்கக்கூடாது என்று நினைத்தேன். எண்பது வயதுக்காரியிடம் என்ன உண்மை வேண்டிக்கிடக்கிறது என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"அப்ப அவளும் கெளம்பிட்டா" என்றாள் அக்கா.

குரலில் அழுகை இல்லை. நீளமாக ஒரு மூச்சு விட்டாள். "நான் மட்டும் கப்பல் ஏறிட்டேன், அவளை அங்க தனியா விட்டுட்டேன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன் பாப்பா. ஒவ்வொரு வருசமும் எலை கொட்டுற மாசம் வந்தா நெனப்பேன்." பிறகு கேட்டாள், "அந்தக் கல்லையெல்லாம் என்னடி பண்ணுவாங்க?"

"ரோட்டுக்குப் போடுவாங்க. சிமெண்டுக்கு. வீடு கட்ட."

"நல்லதுதான். எங்கயாச்சும் ஒரு வீட்டுச் செவத்துல இருப்பா. புள்ளைங்க இருக்கிற வீடா இருக்கட்டும்."

சுமதி வந்து போனை வாங்கி, அம்மா படத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், நாற்காலி போட்டால் உட்கார மாட்டேன் என்கிறாள் என்றாள். அந்த வாரம் முழுக்க வெயில் இருக்கும் நேரமெல்லாம் அங்கேதான் நின்றாளாம். மழை தொடங்கினதும் சுருட்டி உள்ளே வைக்கச் சொல்லிவிட்டாள். திரும்ப எடுக்கச் சொல்லவில்லை. இப்போது வெயிலில் பிடித்தாலும் கலங்கலாகத்தான் தெரிகிறதாம்.

எங்கள் தோட்டத்தில் இப்போது இலை உதிர்வதில்லை. செம்பனைக்கு அந்தப் பழக்கம் கிடையாது, வருஷம் பூராவும் ஒரே பச்சை. மலை ஒளிந்துகொண்டு பிறகு வருகிற கதையும் அதோடு போயிற்று. இடது பக்கத்தையும் அடுத்து வெட்டப் போகிறார்கள் என்று நாற்காலி போட்ட அந்த மலாய்க்கார அம்மா சொன்னார். பதினாலாவது கதவு இல்லை. சிவப்பு அட்டையோடு போனவர்களில் கடிதம் போடுகிறவர்கள் இல்லை. மலையோர நிரையைக் காரணம் கேட்காமல் கொடுத்த தண்டல் இல்லை. அந்தப் பிள்ளையைத் தூக்கினவர்களில் மிச்சம் இருப்பது அக்காவும் நானும்தான். எங்களுக்குப் பிறகு அப்படி ஒருத்தி ஒன்பது மாசம் இருந்தாள் என்பதற்குப் பத்திரமும் இல்லை, படமும் இல்லை. அதனால்தான் இந்த வயதில் நோட்டுப் புத்தகம் வாங்கி, இரண்டு வாரமாக உட்கார்ந்து இதை எழுதினேன்.

யாழினி, கையைத் துடைத்துவிட்டு இங்கே வந்து உட்கார். இதை முதலிலிருந்து எனக்கு வாசித்துக் காட்டு. எழுத்து புரியாத இடத்தில் என்னைக் கேள், நீயாகப் போட்டு வாசிக்காதே. பூங்கோதை என்று வருகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் சத்தமாக வாசி. அந்தப் பேரை இன்னொருத்தர் வாயால் கேட்டு ரொம்ப நாளாகிறது.